கடைசி எழுத்தின் வாலிலிருந்து ஒரு கொடி: உலோகச் செதுக்குப் பெட்டியுடன் எட்டு மாதம்

சென்ற ஆடியில் 4,850 ரூபாய் கொடுத்து, உலோகத்தில் கையால் செதுக்கப் பழகுவோருக்கான தொடக்கநிலைக் கருவிப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். பங்குனி வந்துவிட்டது. இடையில் அதைத் தொடாத நாட்கள் இருபதுகூட இருக்காது. ஆறு உளிகள், உள்ளங்கையில் அடங்கும் காளான் வடிவ மரக் கைப்பிடிகள் இரண்டு, ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் வழவழப்புமாக ஒரு சாணைக்கல், சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவில் பன்னிரண்டு பித்தளைத் தகடுகள், நாற்பது பக்கக் கையேடு. இவ்வளவுதான் பெட்டி.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே உளியைத் தகட்டில் வைக்காதீர்கள். அதில் வரும் உளிகளுக்கு இன்னும் முனை பிடிக்கவில்லை. கையேட்டின் நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட அதைச் சொல்வதில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் என்னுடைய இரண்டு வாரமும் நான்கு தகடுகளும் வீணாகின. விற்றவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறையைத் திருத்திக்கொள்ளும்படி அவர்களுக்கே கடிதம் எழுதிவிட்டேன்.

என் அப்பா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாணச் சீருக்கு வருபவர்கள் குத்துவிளக்கு, குடம், தவலை, அண்டா என்று எடுத்து வைத்துவிட்டு, பெயர் வெட்டி முடியும்வரை திண்ணையில் காத்திருப்பார்கள். பெயர் வெட்டுபவர் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, சிற்றுளியைச் சின்னச் சுத்தியலால் தட்டியபடியே போவார். கடையின் மற்றச் சத்தங்களுக்கு நடுவே அந்த டிக் டிக் மட்டும் தனியாகக் கேட்கும். பெயர் முடிந்ததும், யாரும் கேட்காமலேயே, கடைசி எழுத்தின் வாலிலிருந்து ஒரு கொடியை இழுத்து இரண்டு இலை வைப்பார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. அந்த இலைகளுக்குக் கூலி கிடையாது. பிறகு மின்சாரத்தில் அதிரும் எழுதுகோல் வந்தது. குடத்தில் பெயர் வெறும் கீறலாயிற்று. கொடி நின்றுபோனது. ஐம்பத்திரண்டு வயதில் நான் கற்றுக்கொள்ளக் கிளம்பியது அந்தக் கொடியைத்தான்.

கொடிச் செதுக்கில் பல வகை உண்டு. இத்தாலியின் கார்தோனே, ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் போன்ற ஊர்களில் துப்பாக்கிகளின் மேல் செய்யும் வேலை மிக நுணுக்கமானது. இலைக்குள் இலை விரியும். பின்புலத்தைத் தோண்டி இருட்டாக்குவார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். இந்தப் பெட்டி கற்றுத்தர முன்வருவது அதைவிட எளிய, ஓட்டமான ஒரு பாணி. 'பிரைட் கட்' என்று பெயர். எனக்குப் பிறகு வழிகாட்டிய பத்தர் அதைப் 'பளிச்சு வெட்டு' என்றார். நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலை முழுவதும் அநேகமாக ஒரே உளியில் முடிகிறது. உளியை நேராக நிறுத்தித் தள்ளினால் மயிரிழைக் கோடு விழும். தள்ளிக்கொண்டே மெல்ல ஒரு பக்கம் சாய்த்தால் கோடு அகலும். மறுபடி நிமிர்த்தினால் மெலிந்து மறையும். அந்த ஒரே தள்ளலில் ஓர் இலை பிறந்துவிடுகிறது. சாய்ந்த பக்கத்துச் சரிவு கண்ணாடிபோல் வழவழவென்று இருப்பதால், தகட்டைச் சற்றே அசைத்தாலும் ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு கணத்தில் மின்னும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வெள்ளிச் சாமான்களில் இந்த வெட்டு பெரும் மோகமாக இருந்திருக்கிறது. லண்டனில் ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி, கணவர் இறந்தபின் 1761-இல் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்து, 1790 வரை பட்டறையை நடத்தினார். அவருடைய பட்டறையிலிருந்து வந்த கரண்டிகள், தேநீர்க் கெண்டிகள் ஆகியவற்றின் விளிம்பில் இந்தப் பளிச்சு வெட்டு ஓடுகிறது. அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். விளிம்பு முழுக்கச் சிறு சிறு வெட்டுகள்தான். ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல் நிற்பதே அழகு.

இதை நகாசு வேலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நகாசில் உலோகம் தள்ளப்படுகிறது, அமுக்கப்படுகிறது. ஒரு துளிகூட வெளியே வருவதில்லை. தஞ்சாவூர்த் தட்டில் நாம் பார்க்கும் புடைப்பு உருவங்கள் அப்படி எழும்பியவை. செதுக்கில் உலோகம் இழையாகச் சுருண்டு வெளியே வருகிறது. நம் பக்கத்து மாநிலத்துப் பீதர் நகரின் பித்ரி வேலையிலும் முதலில் உளியால் பள்ளம் வெட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கிவிடுவதால் வெட்டு மறைந்துபோகிறது. பளிச்சு வெட்டில் வெட்டுதான் கடைசிவரை கண்ணுக்குத் தெரிவது. பிழையை மூட எதுவும் இல்லை.

பெட்டி வந்த முதல் இரண்டு வாரம் உளி தகட்டில் ஏறாமல் வழுக்கியது. ஏறினால் குத்தி நின்றது. ஒன்பதாம் நாள் வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கி, இரண்டு தையல் போட்டார்கள். அதன் பிறகுதான் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும், வெள்ளி வேலையை விட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்ட பத்தர் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்பாவைத் தெரிந்தவர். உளியை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்துத் தள்ளினார். அது சறுக்கிக்கொண்டு ஓடியது. "பாப்பா, நகத்தில் நிற்காத உளி பித்தளையில் எப்படி நிற்கும்?" என்றார். கூர்மையான உளி நகத்தைத் தொட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றுவரை வேலையைத் தொடங்கும் முன் நான் செய்யும் சோதனை அதுதான்.

ஆகவே இந்தப் பெட்டியை வாங்குபவர்கள் அறிய வேண்டியவற்றில் பாதிக்கு மேல் சாணை பற்றியது. விரிவாகவே எழுதுகிறேன்.

உளியின் முகம் சுமார் 45 டிகிரி சரிவில் தேய்ந்திருக்க வேண்டும். பெட்டியில் வந்தவற்றில் அந்தச் சரிவு இருந்தது, ஆனால் சொரசொரப்பாக இருந்தது. அடியில் இருக்க வேண்டிய இரண்டு சிறு சரிவுகள் இல்லவே இல்லை. முனையின் அடிப்பக்கத்தில் இரு புறமும் 15 டிகிரி அளவில் மெல்லியதாகத் தேய்க்கும் இந்தச் சரிவைப் பத்தர் 'குதி' என்றார். குதிகாலைப் போல அது உளியைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்துகிறது. குதி இல்லாவிட்டால் உளியைத் தகட்டோடு படுக்க வைத்துத்தான் தள்ள வேண்டும். கைப்பிடி தகட்டில் இடிக்கும். கையைச் சற்று உயர்த்தினால் முனை குத்தி இறங்கும். என் முதல் நான்கு தகடுகளின் கதை இதுதான்.

குதியின் நீளமும் முக்கியம். நீளமாக விட்டால் நேர்கோட்டில் நன்றாக ஓடும், ஆனால் வளைவில் அதன் பின்பக்கம் வெட்டின் வெளி ஓரத்தை உரசி மங்கலாக்கிவிடும். சுருள் கொடிக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான குதிதான் வேண்டும். பூதக்கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. இரண்டு குதிகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உளி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். கையில் பிடித்துத் தேய்த்தபோது ஒருமுறைகூட எனக்கு இரண்டும் சமமாக வரவில்லை. தச்சரிடம் சொல்லி 45 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் தேக்கில் இரண்டு ஆப்புகள் வெட்டி வாங்கினேன். உளியை அதில் சாய்த்துப் பிடித்துக் கல்லில் இழுத்தால் கோணம் மாறுவதில்லை. இதற்கென்றே உலோகத்தில் செய்த பிடிப்பான்கள் விற்கிறார்கள். வசதி உள்ளவர்கள் அதை வாங்கிக்கொள்ளட்டும். என் ஆப்புகள் 150 ரூபாய்.

பெட்டியில் வரும் கல்லைப் பற்றி ஒரு குறை. அதன் வழவழப்பான பக்கமும் போதாது. பளிச்சு வெட்டின் பளிச்சு தகட்டிலிருந்து வருவதில்லை. உளியின் குதியில் இருக்கும் மெருகுதான் அப்படியே தகட்டில் பதிகிறது. குதியில் ஒரு கீறல் இருந்தால் இலை முழுக்க அந்தக் கீறல் நீளமாக ஓடும். கல்லில் தேய்த்து முடித்தபின், பாத்திரப் பட்டறைகளில் மெருகேற்றப் பயன்படுத்தும் பச்சைக் கட்டியை ஒரு தட்டையான மரப்பலகையில் தடவி, அதில் பத்துப் பன்னிரண்டு முறை இழுக்கிறேன். முதன்முதலாக அப்படி மெருகேற்றிய உளியால் ஓர் இலை வெட்டிய மாலை நன்றாக நினைவிருக்கிறது. விளக்கைப் போட்டேன். அந்த ஓர் இலை மட்டும் தகட்டில் தனியாக எரிந்தது.

இன்னொன்று, உளிகள் மிக நீளம். கைப்பிடி உள்ளங்கைக் குழியில் பதிந்திருக்கும்போது, கட்டைவிரல் நுனியைத் தாண்டி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே உளி வெளியே தெரிய வேண்டும். என் கை சிறியது. பத்தர் உளியின் வால்பக்கத்தைப் பட்டறைப் பிடியில் கடித்து உடைத்துச் சுருக்கிக் கொடுத்தார். சாணை இயந்திரத்தில் தேய்ப்பவர்கள் நொடிக்கொரு தரம் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். எஃகு நீலம் பாரித்தால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள். அந்தப் பகுதி இனிக் கூர்மையைத் தாங்காது.

கையேட்டுக்கு வருகிறேன். சாணை பற்றி வாய் திறக்காத அதே கையேடு, கொடி வரைவதைப் பற்றி எழுதியிருப்பது அருமை. சுருளின் வளையங்களுக்கு இடையே தூரம் உள்ளே போகப் போகச் சீராகக் குறைய வேண்டும், எங்கும் முழங்கை மடக்கியதுபோல் முறியக் கூடாது, இலை தண்டிலிருந்து பிரியும் இடத்தில் தண்டின் ஓட்டத்தோடு சேர்ந்து கிளம்ப வேண்டும் என்பதை எட்டுப் பக்கப் படங்களாகவே காட்டியிருக்கிறார்கள். தகட்டில் வெள்ளை போஸ்டர் வண்ணத்தை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் பென்சிலால் வரைந்து, பிறகு ஊசியால் லேசாகக் கீறிக்கொள்ளும் முறையும் அதில்தான் கற்றேன். நாற்பது ஆண்டுகளாக வாசலில் கோலம் போடும் கைக்குச் சுருள் வரைவது கடினமாக இல்லை.

வெட்டுவதில்தான் அந்தக் கோலக் கை எதிராக நின்றது. கோலத்தில் தரை நிற்கும், கை சுற்றும். செதுக்கில் கை நிற்க வேண்டும், தகடு சுற்ற வேண்டும். வலது கை உளியை நேராகத் தள்ளிக்கொண்டே இருக்க, இடது கை தகட்டை உளிக்குள் திருப்பிக் கொடுக்கிறது. வளைவு பிறப்பது இடது கையில். "கையை ஏன் திருப்புகிறாய்? தட்டைத் திருப்பு" என்று பத்தர் எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. தகடு எளிதாகச் சுற்றுவதற்காகத் தடித்த துணியில் பை தைத்து மணல் நிரப்பி, சும்மாடுபோல் அடியில் வைத்துக்கொண்டேன். தகட்டை ஒரு மரவில்லையில் அரக்கு உருக்கி ஒட்டிவிட்டால், வில்லையோடு சேர்த்துப் பையின் மேல் சுற்றலாம். இதற்கென உருண்டையான கனத்த இரும்புப் பிடிகள் உண்டு. அவற்றின் விலைக்கு இதுபோல் ஐந்தாறு பெட்டிகள் வாங்கலாம். தொடக்கத்தில் மணல் பை போதும்.

வலது கட்டைவிரல் எப்போதும் தகட்டைத் தொட்டபடி நகர வேண்டும். அதுதான் தடை. இடது கை விரல்கள் ஒருபோதும் உளி போகும் பாதையில் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் கையேட்டில் இருக்கின்றன, ஆனால் முப்பத்தாறாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டியவை.

ஆறு உளிகளில் நான் பயன்படுத்துவது இரண்டு. 120 டிகிரி 'வி' முனையில்தான் கொடி, இலை, எழுத்து எல்லாம் நடக்கின்றன. பட்டை முனை ஓரக்கோட்டுக்கு. அதை இடமும் வலமுமாக ஆட்டியபடி முன்னே நகர்த்தினால் நெளிநெளியான ஒரு வரி விழும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வெள்ளீயக்கலவைத் தட்டுகளில் இந்த நெளிவரியாலேயே பூக்களும் பறவைகளும் செய்திருக்கிறார்கள். கற்க ஒரு நாள் போதும், பார்வைக்கு மிக நன்றாக இருக்கும், குழந்தைகள்கூடச் செய்யலாம் (பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால்). மற்ற நான்கு உளிகள் பெட்டியிலேயே கிடக்கின்றன. இரண்டு உளிகளை மட்டும் நல்ல எஃகில், குதி பிடித்துக் கொடுத்திருந்தால் இதே விலையை மனமாரக் கொடுத்திருப்பேன்.

தகடுகளைக் குறை சொல்ல இடமே இல்லை. மிக மிருதுவும் இல்லாமல், விறைப்பும் இல்லாமல் இருக்கின்றன. இழை பிசிறின்றி வெளியே வருகிறது. வெட்டின் ஓரத்தில் விரலை ஓட்டும்போது பிசிறு தட்டினால் உளி மழுங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நெருப்பில் காய்ச்சி மிருதுவாக்கிய செம்பு உளியைப் பிசினைப்போல் பற்றிக்கொள்கிறது. அதைவிடச் சற்று விறைப்பான செம்பே நன்றாக வெட்டுகிறது. ஒரு பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழின் மூடியில் செய்து பார்த்தேன், உளி வெண்ணெயில் போவதுபோல் போனது. எவர்சில்வரைக் கையால் தள்ளி வெட்டிப் பார்க்க முயலாதீர்கள். வெட்ட வெட்ட அது மேலும் இறுகும். முனைதான் உடையும்.

பூதக்கண்ணாடியையும் சேர்த்து, பெட்டிக்கு மேல் எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,900 ரூபாய். விற்பவர்கள் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகை மாதம் பரணிலிருந்து அம்மாவின் பித்தளைக் குடத்தை இறக்கினேன். எங்கள் கடையிலிருந்தே எடுத்தது. அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எழுத்துகள் சுத்தியலால் தட்டி வெட்டியவை. ஒவ்வொரு தட்டும் படிபடியாகத் தெரிகிறது. ஆனால் கடைசி எழுத்தின் வாலில் இருக்கும் அந்த இரண்டு இலைகளிலும் படி இல்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, உளியைக் கையால் தள்ளி, ஒரு பக்கம் சாய்த்து, ஒரே இழுப்பில் வெட்டியிருக்கிறார். அதே பளிச்சு வெட்டு. இவ்வளவு ஆண்டுப் புழக்கத்தில் தேய்ந்தும் அந்தச் சரிவு இன்னும் ஒளியை வாங்கித் திருப்பித் தருகிறது. குடத்தைப் பத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "குதி சின்னதாக வைத்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியில் வந்த தகடுகள் தை மாதமே தீர்ந்துவிட்டன. இப்போது பட்டறையில் கழித்துப் போடும் பித்தளைத் துண்டுகளை எடைக்கு வாங்கிக்கொள்கிறேன். இடப்பக்கம் சுருளும் கொடி எனக்கு நன்றாக வருகிறது. வலப்பக்கம் சுருளும்போது மூன்றாவது வளையத்தில் இன்னும் ஒரு முறிவு விழுகிறது. வைகாசியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சீரில் வைக்கப் பித்தளை டவரா டம்ளர் இரண்டு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன். பெயரை வெட்டிவிட்டேன். அவள் பெயர் 'ழி'யில் முடிகிறது. அந்த மேல்விலங்கு வலப்பக்கமாகச் சுழன்று இறங்கும் இடத்திலிருந்துதான் கொடியை இழுக்க வேண்டும்.